மாவட்ட மன்றத் தலைவருக்கு: அந்த ஸ்டோர் அறையைத் திறந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட மன்றத் தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும்,

உங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் சென்ற மாதம் ஒரு தாள் ஒட்டப்பட்டது. கீழ்த்தளத்து ஸ்டோர் அறையில் கிடக்கும் பயன்படாத கோப்புகளும் உடைந்த தளவாடங்களும் அப்புறப்படுத்தப்படும், பழைய காகிதம் வாங்குவோர் விலைப்புள்ளி கொடுக்கலாம் என்று அதில் கண்டிருந்தது. அதே பலகையில் சற்றுத் தள்ளி இன்னோர் அறிவிப்பு: பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள பழைய தியேட்டர் கட்டடம் இடிக்கப்பட்டு அந்த இடம் வாகன நிறுத்துமிடம் ஆகும். இரண்டையும் ஒரே ஊழியர்தான் ஒட்டியிருப்பார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அவருக்குத் தோன்றியிருக்க வழியில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை என்பதால் எழுதுகிறேன்.

மலாயில் எழுதிக் கொடுத்த என் மனு, உங்கள் முகப்பில் முத்திரை வாங்கிக்கொண்டு கிடப்பில் இருக்கிறது. அதில் என் பெயரும் அடையாள அட்டை எண்ணும் உண்டு. பதில்தான் வரவில்லை. இதைத் தமிழில், எல்லாரும் படிக்கும்படி எழுதக் காரணம், அந்தக் கோப்புகள் போனால் இழக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் மலேசியாவின் பேராக் மாநிலத்து இந்த ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழர்கள். விஷயம் அவர்களுக்கும் தெரியட்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தை இடிக்காதீர்கள் என்று கேட்க நான் வரவில்லை. அதன் நிலைமை எனக்கு நன்றாகவே தெரியும். 1980-களில் வீடியோ நாடா வீடுகளுக்குள் புகுந்ததும் கூட்டம் குறைந்தது, படம் நின்றது. பிறகு மெத்தையும் அலமாரியும் விற்கும் கடை வந்தது. கடை போனதும் சூப்புக்கு விற்கும் பறவைக்கூடு வளர்ப்பு. நாட்டில் எத்தனையோ சிறு ஊர்த் தியேட்டர்களுக்கு நேர்ந்தது இங்கேயும் நேர்ந்தது: சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், சுவரில் ஓட்டை போட்டார்கள், உழவாரக் குருவிகளை வரவழைக்க அவற்றின் கீச்சொலியைப் பதிவு செய்து இரவும் பகலும் ஒலிபெருக்கியில் ஓட விட்டார்கள். பாட்டும் வசனமும் ஒலித்த மண்டபத்தில் கடைசியாக ஓடியது அந்த நாடாதான். இப்போது கூரை உள்வாங்கிவிட்டது. தேங்கிய நீரில் கொசு பெருகுகிறது, டெங்கிக்குப் பயந்து புகை அடிக்கிறார்கள். இடிப்பதே நியாயம். படம் ஓடிய காலத்திலும் அது ஒன்றும் அரண்மனை இல்லை. மூன்றாம் வகுப்புப் பலகையில் மூட்டைப்பூச்சி கடிக்காமல் இடைவேளை வரை உட்கார்ந்தவர்கள் குறைவு.

நான் ஏற்க முடியாதது வேறு. ஊரின் வரலாற்றைச் சொல்ல நீங்கள் ஒரு காட்சிக்கூடம் அமைத்திருக்கிறீர்கள். ஈயம் தோண்டியதற்கு ஒரு பலகை, ரயில் நிலையத்துக்கு ஒரு பலகை, சந்தைக்கு ஒரு பலகை. பிரிட்டிஷ் துரை ஒருவரின் பங்களாவுக்குக் கூட ஒரு பலகை இருக்கிறது. தியேட்டரைக் காணோம். பொறுப்பதிகாரியைக் கேட்டேன். அப்படி ஒரு திரையரங்கு இயங்கியதற்கு மன்றத்தில் பதிவு எதுவும் இல்லை, பதிவு இல்லாத ஒன்றை அதிகாரப்பூர்வக் கூடத்தில் வைக்க முடியாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவர். ஆனால் பதிவு இல்லை என்று சொல்லும் அதே மன்றம், பதிவு இருக்கும் அறையைக் கிலோ கணக்கில் விற்க விலை கேட்கிறது. இதைச் சகித்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

பதிவு இருக்கிறது என்று எப்படி அடித்துச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தியேட்டர் என்பது அரசாங்கத்துக்குத் தெரியாமல் நடத்தக்கூடிய தொழிலாக ஒரு காலத்திலும் இருந்ததில்லை. அதற்கு முதற்காரணம் நெருப்பு. 1950-களின் தொடக்கம் வரை 35 மில்லிமீட்டர் படச்சுருள்கள் பெரும்பாலும் நைட்ரேட்டில் செய்யப்பட்டவை. நைட்ரேட் சுருள் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. அப்படிப்பட்ட சரக்கை, கரிக்குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து வெள்ளையாக எரியும் விளக்குக்குச் சில அங்குலம் தள்ளி ஓட்ட வேண்டும். ஆகவே படம் ஓட்டும் அறை எரியாத பொருளால் கட்டப்பட்டிருக்க வேண்டும், மண்டபத்தை நோக்கிய துவாரங்களுக்கு இரும்பு மூடி வேண்டும், கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் வந்தன. எங்கள் தியேட்டரின் இரும்பு மூடியை நான் தொட்டிருக்கிறேன். அதைத் தாங்கிய கம்பியின் நடுவே எளிதில் உருகும் உலோகத்தில் செய்த ஒரு சிறிய கண்ணி இருக்கும். அறையில் சூடு ஏறினால் கண்ணி உருகும், மூடி தானாகக் கீழே விழுந்து துவாரத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே நிற்கும் ஆப்பரேட்டரைப் பற்றிய கவலை விதிமுறையில் எந்த அளவுக்கு இருந்ததோ தெரியாது, கீழே இருப்பவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

இவற்றையெல்லாம் சரிபார்க்க வரைபடம் வேண்டும். வரைபடத்தை வாங்கி வைக்க ஓர் அலுவலகம் வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் அது சானிட்டரி போர்டு, பிறகு டவுன் போர்டு. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு இந்த மாவட்ட மன்றம். பெயர்ப்பலகைகள் மாறினவே தவிர, அலமாரிகள் அதே கட்டடத்தில்தான் இருந்தன. ஒரு தலைமுறை எழுத்தர் அடுத்த தலைமுறையிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

இது என் யூகம் இல்லை. நான் மின்பணியாளன். சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் அலுவலகத்தின் பழைய வயரிங்கை மாற்ற வந்த குத்தகைக்காரரிடம் வேலை செய்தவர்களில் நானும் ஒருவன். கீழ்த்தளத்து ஸ்டோர் அறையில் புதுக் குழல்விளக்கு பொருத்தியது என் கைதான். இடது சுவரோரம் கருத்த மர ராக்கை. நாடாவால் கட்டிய கோப்புக் கட்டுகள். மேலிருந்து இரண்டாவது தட்டில் ஒரு கட்டின் முதுகில் ‘லெசென் வாயாங்’, அதாவது சினிமா உரிமம், என்று மலாயில் பழைய மசியில் எழுதியிருந்தது. அதற்கு மேல் சுருட்டி வைத்த நீலத்தாள் வரைபடம் ஒன்று, முனை கரையான் அரித்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திறந்து பார்க்க எனக்கு அதிகாரம் இல்லாததால் தொடவில்லை. நான் பொருத்திய விளக்கு இன்னும் எரிகிறது என்றால், அதன் வெளிச்சத்தில் உங்கள் ஊழியர் ஒருவர் பார்த்துவிட்டு வர அதிக நேரம் பிடிக்காது.

இரண்டாவது காரணம் பணம். 1953-ஆம் ஆண்டின் கேளிக்கை வரிச் சட்டப்படி ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் வரி உண்டு. அந்த வருமானத்தைக் கூட்டரசு அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை மாநிலங்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. அதிகாலையில் எழுந்து பால்மரம் வெட்டிய (ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்த) கை, மாலையில் டிக்கெட் கூண்டுக்குள் நீட்டிய சில்லறையில் ஒரு பங்கு பேராக் மாநிலக் கருவூலத்துக்குப் போனது. அது பல ஆண்டுகள் போய்க்கொண்டே இருந்தது. வரி வாங்கும்போது இருந்த தியேட்டர், வரலாறு எழுதும்போது எப்படி இல்லாமல் போகும்?

இனி என் கையில் இருப்பதைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் விட்ட வயதில் அந்தத் தியேட்டரின் ஆப்பரேட்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். மின்சாரம் பற்றி எனக்குத் தெரிந்த முதல் பாடங்கள் அந்தச் சூட்டு அறையில் கற்றவை. இரண்டு இயந்திரங்கள். ஒரு சுருள் 2,000 அடி, ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும். முடியப் போகும் தறுவாயில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு மின்னி மறையும். முதல் பொட்டுக்கு அடுத்த இயந்திரத்தை முடுக்க வேண்டும், இரண்டாவது பொட்டுக்கு வெளிச்சத்தை மாற்ற வேண்டும். கரிக்குச்சிகள் எரிய எரிய அவற்றின் இடைவெளி கூடிக்கொண்டே போகும், கையால் திருகித் திருகி நெருக்க வேண்டும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் திரை மஞ்சளடித்து மங்கும், கீழே மூன்றாம் வகுப்பிலிருந்து விசில் பறக்கும். ஆப்பரேட்டர் அண்ணன் என்னைத் திட்டியதை விட அந்த விசிலுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

அண்ணன் காலமான பிறகு அவர் வீட்டார் என்னை அழைத்து ஒரு பிஸ்கட் டின்னையும் சில பள்ளி நோட்டுப் புத்தகங்களையும் கொடுத்தார்கள். டின்னுக்குள் கண்ணாடிச் சிலைடுகள். உள்ளங்கை அளவுள்ள இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்து ஓரத்தில் கறுப்புக் காகிதத்தால் ஒட்டியவை. புகை பிடித்த கண்ணாடியில் ஊசியால் கீறி எழுதிய எழுத்து. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இன்றும் படிக்கலாம். துணிக்கடை விளம்பரம் ஒன்று, தீமிதித் திருவிழா அறிவிப்பு ஒன்று. இன்னொன்றில் இப்படி இருக்கிறது: ‘தோட்டத்து லாரிகள் படம் முடிந்ததும் சந்தைக்குப் பின்னால் நிற்கும். பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லவும்.’ அதே வாசகம் சுருக்கமாக மலாயிலும் சீனத்திலும் கீழே இருக்கிறது. சீன எழுத்தைக் கீறியவர் யார் என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. அநேகமாக எதிர்ப்புறக் காப்பிக்கடைத் தவுக்கேயாக, அதாவது சீன முதலாளியாக, இருக்கும்.

நோட்டுப் புத்தகங்கள்தான் பெரிய சொத்து. நாள், படத்தின் பெயர், சுருள் எண்ணிக்கை, செலவான கரிக்குச்சி, கடைசிக் கட்டத்தில் ஒரு வரிக் குறிப்பு. அண்ணனுக்கு இயந்திரம் ஓடியதா என்பதுதான் கவலை. ஆனால் அவர் அறியாமலே தோட்டத்து வாழ்க்கையை எழுதி வைத்திருக்கிறார். ‘விடாத மழை. மூன்றாம் வகுப்பு காலி.’ மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை, கூலி இல்லாவிட்டால் சினிமா இல்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும்போது பால் குறையும். ஒவ்வோர் ஆண்டும் அந்த மாதங்களில் குறிப்புகள் சோர்ந்து கிடக்கின்றன. சம்பளம் போட்ட வாரம் வந்துவிட்டால் ‘கூடுதல் காட்சி’, ‘பெஞ்சு போட்டது’, ‘கச்சாங் பூத்தேக்காரர் இரண்டு முறை சரக்கு எடுத்து வந்தார்’. (கச்சாங் பூத்தே என்றால் கடலை வகை. அவர் ஈப்போ புந்தோங்கிலிருந்து வந்தவர். பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுற்றி அவர் கொடுத்த கடலையைத் தின்று முடித்து, அந்தத் தாளைப் பிரித்துப் படித்தவர்கள் இந்த ஊரில் நிறைய.) 1969 பிப்ரவரி 3-ஆம் தேதிக்கு எதிரே: ‘அண்ணா மறைவு. காட்சி இல்லை.’ முதலாளி சீனர். அவர் கதவைச் சாத்தியது மரியாதைக்காகவா, யாரும் வர மாட்டார்கள் என்ற கணக்கிலா என்று எனக்குத் தெரியாது. இரண்டுமாக இருக்கலாம்.

இன்னொரு வரி என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது. ‘ஆற்றுப் பிரிவு லாரி இனி வராது.’ அவ்வளவுதான், வேறு விளக்கம் இல்லை. 1950-களிலும் 1960-களிலும் பிரிட்டிஷ் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைத் தடுக்கத்தான் தொழிலாளர்களிடம் தவணைப் பணம் திரட்டி 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் துன் சம்பந்தன் தொடங்கினார். துண்டாடலைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்த ஊரை ஒட்டிய ஒரு பிரிவில் குடும்பங்கள் லயத்து வீடுகளைக் காலி செய்த மாதம் எது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஓர் ஆப்பரேட்டரின் நோட்டில் இருக்கிறது.

உங்கள் ஸ்டோர் அறைக் கோப்புகள் எனக்கு ஏன் வேண்டும் என்பது இப்போது விளங்கும். அண்ணனின் நோட்டில் குறிப்பு இருக்கிறது, தொகை இல்லை. எத்தனை டிக்கெட் விற்றது, மண்டபத்தில் எத்தனை இருக்கை, எந்த ஆண்டு உரிமம் யார் பெயரிலிருந்து யார் பெயருக்கு மாறியது, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒட்டி 1948 முதல் 1960 வரை இருந்த அவசரகாலத்தில் இரவுக் காட்சிக்கு அனுமதி இருந்ததா இல்லையா என்பதெல்லாம் உரிமக் கோப்பிலும் அதோடு சேர்ந்த கடிதங்களிலும்தான் இருக்க முடியும். தோட்ட நிர்வாகங்களின் ஆண்டறிக்கை ஏக்கருக்கு எத்தனை ராத்தல் ரப்பர் கிடைத்தது என்று சொல்லும். தொழிலாளி கையில் செலவுக்கு என்ன மிஞ்சியது என்று சொல்லாது. மாதவாரியாகத் தியேட்டர் டிக்கெட் கணக்கு கிடைத்தால் அதை ஓரளவு சொல்லலாம். பட்டம் வாங்கிய வரலாற்றாசிரியர்கள் இதை என்னை விட நன்றாகச் செய்வார்கள். அவர்கள் வரும்வரை காகிதம் உயிரோடு இருக்க வேண்டும்.

வெளியே தேடாமல் உங்களிடம் வரவில்லை. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றுபோனது. அதன் பழைய இதழ்களில் சினிமா விளம்பரம் உண்டு. ஆனால் விளம்பரத்தில் பெரும்பாலும் கோலாலம்பூர், ஈப்போ, பினாங்குத் தியேட்டர்கள். எங்களைப் போன்ற ஊர்களுக்குப் படப்பெட்டி வந்து சேர்வதற்குள் அது பழைய படமாகியிருக்கும், அதற்கு யார் காசு கொடுத்து விளம்பரம் போடுவார்கள்? சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் தமிழ் முரசு உட்பட பழைய நாளிதழ்களை இணையத்தில் தேடிப் படிக்கும்படி வைத்திருக்கிறது. எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள் செய்த அந்த வேலையால் எனக்குச் சில தேதிகள் கிடைத்தன. ஷா, கேத்தே போன்ற பெரிய நிறுவனங்களின் தியேட்டர்களைப் பற்றி அங்கே ஏராளம். தனி முதலாளி நடத்திய தகரக் கூரைத் தியேட்டர்களைப் பற்றி அரிதாகவே ஏதாவது தட்டுப்படும். கைபேசிக் குழுக்களில் ஊர்ப் பெயரோடு படங்கள் சுற்றுகின்றன. போன தீபாவளிக்கு எங்கள் ஊர்த் தியேட்டர் என்று ஒரு படம் வந்தது, நூற்றுக்கணக்கானோர் கண்ணீர் விட்டார்கள். படத்தில் இருந்தது வேறு மாநிலத்துத் தியேட்டர். ஆவணம் இல்லாத இடத்தில் இப்படித்தான் நடக்கும்.

சட்டத்துக்கு வருகிறேன், இதில் உங்களுக்கு விருப்ப உரிமை கிடையாது. 2003-ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம், அதாவது சட்டம் 629, பொதுப் பதிவுகளைக் காப்பகத் தலைமை இயக்குநரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அழிக்கவோ அப்புறப்படுத்தவோ கூடாது என்கிறது. பொது அலுவலகம் என்பதில் ஊராட்சி மன்றங்களும் அடக்கம். அந்த அனுமதி வாங்கப்பட்டதா என்று முகப்பில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. வாங்கியிருந்தால் அதை விலைப்புள்ளி அறிவிப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். வாங்கவில்லை என்றால், பழைய காகிதக்காரரின் லாரி உங்கள் வாசலுக்கு வருவதே குற்றம்.

கோப்பைப் பார்க்க அனுமதி கேட்டதற்கு, பொதுமக்களுக்குக் காட்ட விதி இல்லை என்றார்கள். பினாங்கு 2010-லும் சிலாங்கூர் 2011-லும் தகவல் சுதந்திரச் சட்டங்களை நிறைவேற்றின. பெர்னாம் ஆற்றுக்குத் தெற்கே, சிலாங்கூரில் குடியிருந்தால் ஒரு பாரத்தை நிரப்பிக் கட்டணம் கட்டி உரிமையோடு கேட்டிருப்பேன். பேராக்கில் அப்படி ஒரு சட்டம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காட்டக்கூடாது என்றும் எந்தச் சட்டமும் உங்கள் கையைக் கட்டவில்லை. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய சினிமாக் கொட்டகையின் கழிப்பறை எண்ணிக்கையில் என்ன அரசாங்க இரகசியம் இருக்கிறது?

மன்ற உறுப்பினர் ஒருவர், நம்மவர், என்னிடம் வேறு விதமாகச் சொன்னார்: “ஐயா, கோயில் நிலம், தமிழ்ப்பள்ளி, சுடுகாடு என்று எவ்வளவோ பிரச்சினை இருக்கும்போது சினிமாக் கொட்டகைக்காகவா அலைகிறீர்கள்?” அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பிரச்சினைகள் ஒவ்வொன்றிலும் நாம் தோற்ற இடம் எது என்று அவர் நினைத்துப் பார்க்கட்டும். கோயில் எப்போது கட்டப்பட்டது, நிலத்தை யார் கொடுத்தார்கள், சுடுகாடு யார் பெயரில் இருந்தது என்று கேட்கும்போதெல்லாம் தாள் இல்லாமல் நின்றோம். தோட்டம் கைமாறும்போது ஆபீஸ் கோப்புகளும் எரிந்தன, மண்ணோடு மக்கின. ஒரு கோப்புக் கட்டு எதற்குப் பயன்படும் என்று அதைத் திறக்கும் முன்பே யாராலும் சொல்ல முடியாது.

சினிமாக் கொட்டகை என்று இளக்காரமாகவும் பேச வேண்டாம். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை 1943 அக்டோபர் 21 அன்று அறிவித்தது சிங்கப்பூர்க் கேத்தே திரையரங்கில். அவர் படையில் போய்ச் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். அந்தக் கேத்தேயின் முகப்பை 2003-இல் சிங்கப்பூர் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. கோலாலம்பூரில் 1920-களிலிருந்து நிற்கும் கொலிசியம் தியேட்டரை 2006-இல் அரசு எடுத்து வேறு பயனுக்கு மாற்றப் போகிறது என்றதும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. தலைநகரத்துத் தியேட்டருக்குப் பேச ஆள் இருக்கிறது. தோட்டப்புறத்துத் தியேட்டருக்குப் பேச வேண்டியவர்கள் பெயர்த்து எறியப்பட்டு, ஷா ஆலத்திலும் கிள்ளானிலும் ஜொகூரிலும் அடுக்குமாடிகளில் சிதறிக் கிடக்கிறார்கள்.

பல தோட்டத்துச் சனங்கள் வாரத்தில் ஒருமுறை ஒன்றாகக் கூடிய ஒரே இடம் அது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்தானுக்கு அடுத்த தோட்டத்தில் என்ன கூலி, கிராணி (கணக்கர்) எப்படி, தண்டல் (மேற்பார்வையாளர்) எப்படி என்ற சேதியெல்லாம் இடைவேளையில்தான் கைமாறியது. பெண் பார்த்ததும் அங்கேதான். மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசை, பெண் வீட்டார் பின்வரிசை, படம் ஒரு சாக்கு. தோட்டத்துத் திடலில் திரை கட்டிக் காட்டிய இலவசப் படங்களைத் துரை வீட்டு நாற்காலி முன்னால் இருக்க, நாம் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். தியேட்டரில் காசு கொடுத்தவன் அவன் இடத்தில் உட்கார்ந்தான்.

எங்கள் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் நட்சத்திர இரவு நடத்த மண்டபம் பிடிக்கிறீர்கள். ஒரு ஸ்கேனர் வாங்க அதில் நூற்றில் ஒரு பங்கு ஆகாது. இதற்கு மேல் சொன்னால் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

தலைவர் அவர்களே, என் கோரிக்கைகள் இவை.

பழைய கோப்புகளுக்கான விலைப்புள்ளியை உடனே நிறுத்தி வையுங்கள். அறையில் என்னென்ன கட்டுகள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்து, தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பி, அவர்கள் எழுத்தில் விடை சொன்ன பிறகே எதையும் வெளியே எடுங்கள். உடைந்த நாற்காலிகளையும் மேசைகளையும் தாராளமாக இன்றே விற்றுவிடலாம், அவற்றில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பட்டியல் எடுக்க ஆள் போதவில்லை என்றால், ஓய்வு பெற்ற எழுத்தர்களும் ஆசிரியர்களும் சிலர் சம்பளமில்லாமல் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் அதிகாரி உடன் இருக்கட்டும், அவர் சொல்வதைத் தவிர வேறெதையும் தொட மாட்டோம்.

‘லெசென் வாயாங்’ கட்டையும் கட்டட வரைபடத்தையும் உங்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து படமெடுக்க அனுமதி வேண்டும். வெளியே கொண்டுபோகக் கேட்கவில்லை. அதில் யாருடைய அடையாள அட்டை எண்ணோ முகவரியோ இருந்தால் மறைத்துக் கொடுங்கள்.

கட்டடத்தை இடிக்கும் குத்தகைக்காரர் உள்ளே கால் வைக்கும் முன் ஒருநாள் எங்களுக்குத் திறந்து விடுங்கள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு, பாதுகாப்புக்குப் பொறுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். அளவெடுக்க வேண்டும். படம் ஓட்டும் அறை, அதற்கு ஏறும் இரும்புப் படிக்கட்டு, டிக்கெட் கூண்டு, பக்கச் சுவரில் சுண்ணாம்புக்கு அடியில் இன்னும் தெரியும் வகுப்புப் பெயர்கள் ஆகியவற்றைப் படமெடுக்க வேண்டும். துவாரத்து இரும்பு மூடி துருப்பிடித்தாவது அங்கே இருக்கும். அதைப் பழைய இரும்புக்குப் போடாமல் உங்கள் காட்சிக்கூடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சமூக மண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகை இல்லாமல் கொடுங்கள். பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், டிக்கெட் துண்டு, தியேட்டர் வாசலில் எடுத்த கல்யாணப் படம் என்று ஊரார் வீடுகளில் இருப்பதைக் கொண்டு வரச் சொல்லிப் படியெடுத்துத் திருப்பிக் கொடுப்போம். படிகளில் ஒரு தொகுதி மன்றத்துக்கு. அண்ணனின் நோட்டுப் புத்தகங்களின் படியையும் சிலைடுகளின் படியையும் நானே உங்கள் கூடத்துக்கு இலவசமாகத் தருகிறேன். பதிவு இல்லை என்ற பதிலை அப்போதாவது மாற்றிக்கொண்டு, தியேட்டருக்கு ஒரு பலகை வையுங்கள். மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் இருக்கட்டும், சிலைடில் இருந்தது போல.

விலைப்புள்ளிப் பெட்டி மாதக் கடைசியில் திறக்கப்படும் என்று அறிவிப்பில் இருக்கிறது. அதற்கு முன் பதில் வேண்டும். தொலைபேசியில் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். காப்பகத்தின் அனுமதி எண் இருந்தால் அந்த எண்ணோடு, இல்லை என்றால் இல்லை என்ற சொல்லோடு, மன்றத்தின் முத்திரை வைத்து எழுத்தில் அனுப்புங்கள். இந்த மடலின் படியும் என் மனுவின் படியும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இன்றே அஞ்சலில் போகின்றன.

இப்படிக்கு,
உங்களுக்குத் தவறாமல் மதிப்பீட்டு வரி கட்டிவரும் ஊர்வாசி